ஒரு கிலோ நானூறு

கபடியில் ஆளைப் பிடிப்பதுதான் பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. ஆளைக் கழித்துக்கட்டுவதுதான் வித்தை. இருபத்தைந்து பெண்கள் முகாமுக்கு வருவார்கள். பன்னிரண்டு பேர்தான் மாநில அணி. மிச்சம் பதின்மூன்று பேரையும், பெற்றவர்கள் நம் சட்டையைப் பிடிக்காதபடி நயமாகப் பேசி பஸ் ஏற்றிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் மோகன்ராஜ் பி.டி. சார். கபடிச் சங்கத்தில் தேர்வுக்குழு உறுப்பினர். நான் கழித்த பெண்களில் பாதிப் பேர் இன்னும் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார்கள் என்றால் என் நயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

அந்த வருடம் தேசியப் போட்டிக்குப் போகும் ஜூனியர் பெண்கள் அணிக்கான முகாம் திருப்பூரில் நடந்தது. நடத்தியவர் நாச்சிமுத்து. மாவட்டச் சங்கத் தலைவர், பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். கம்பெனிக்குப் பின்னால் மைதானம், வேலைக்கு வரும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் இரண்டு ஹால், மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் அவர் உபயம். அவர் மகள் சுபஸ்ரீயும் முகாமில் இருந்தாள்.

சுபஸ்ரீயின் ஆட்டம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ரைட் கார்னரில் நிற்பாள். ரெய்டு வருகிறவள் காலை நீட்டினால் பிடிப்பாள். பிடித்த காலை விட்டும் விடுவாள். அதே இடத்தில் நின்ற இன்னொருத்தி பூங்குழலி. பொங்கலூர்ப் பக்கத்துப் பெண். அவள் பிடித்தால் உடும்புப் பிடி. இருபது நாள் முகாமில் அவள் கையிலிருந்து தப்பிப் போனவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இதற்கு முன் இரண்டு வருடம் முகாமுக்கு வந்து, இரண்டு வருடமும் ஏதோ ஒரு காரணத்தால் கழிந்துபோனவள். அடுத்த வருடம் ஜூனியர் வயதைத் தாண்டிவிடுவாள். இந்த முறை மாநில அணிப் பனியனைப் போடாவிட்டால் இனி எப்போதும் இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதினோரு இடம் முடிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது ரைட் கார்னர் ஒன்றுதான். கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாச்சிமுத்து என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

"வாத்தியாரே, நானொண்ணும் தப்பாச் சொல்லலீங்க. தெறமை இருந்தா எடுங்க, இல்லீன்னா உடுங்க. சும்மா பாத்துக்குங்கன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

"அதுக்கென்னங்க, பாத்துக்கலாங்க" என்றேன்.

"டீமோட மேனேஜராப் போறது யாருன்னு இன்னும் முடிவாகலீங்களாமா? உங்க பேரைத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

இருபத்திரண்டு வருடத்தில் நான் தேர்ந்தெடுத்த பெண்கள் எங்கெங்கோ ரயில் ஏறிப் போய்விட்டு வந்தார்கள். நான் ஈரோடு ஜங்ஷனில் நின்று கையசைத்ததோடு சரி. மேனேஜருக்கு ஒரு கோட்டு கொடுப்பார்கள். பாக்கெட்டின் மேல் தமிழ்நாடு என்று தைத்திருக்கும். ஒரு கோட்டுக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், கோட்டுக்காகத்தான்.

நடுவில் இரண்டு முட்டுக்கட்டை இருந்தது. ஒன்று, என்னோடு தேர்வுக்கு வந்திருந்த விஜயகுமாரி மேடம். போலீஸ் அணிக்கு ஆடி ஓய்வு பெற்றவர். அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. கடைசி நாள் பத்து மணிக்கு இரண்டு பெண்களையும் களத்தில் இறக்கிவிட்டால் அவர் பூங்குழலியைத்தான் எடுப்பார். குருடனும் அவளைத்தான் எடுப்பான். இன்னொன்று எடை. அறுபத்தைந்து கிலோவுக்கு ஒரு பொட்டு கூடினாலும் ஆட்டமே கிடையாது. சுபஸ்ரீ அறுபத்தாறைத் தாண்டி இருந்தாள். பட்டினி கிடந்தால் பிள்ளை மயங்கி விழுந்துவிடும் என்று அவள் அம்மா வீட்டிலிருந்து பால் வேறு கொடுத்தனுப்பியிருந்தார்.

முதல் முட்டுக்கட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டாவதில் கை வைத்தேன்.

எடை மெஷின் கம்பெனியுடையது. துணி ரோல் எடை போடுகிற பலகை மெஷின். பக்கத்தில் ஒரு கம்பி நட்டு, அதன் உச்சியில் எண் காட்டும் பெட்டி இருக்கும். துணி ரோலுக்கு உள்ளே பைப் உண்டு, மேலே பாலித்தீன் கவர் உண்டு. அந்த இரண்டையும் முதலில் வைத்து 'டேர்' என்ற பட்டனை அமுக்கினால், மெஷின் அந்த எடையைக் கழித்துக்கொண்டு துணி எடையை மட்டும் காட்டும். இதை நான் அந்த இருபது நாளில் வேடிக்கை பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஹாலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஒரு பனியன் கட்டைப் பலகையில் வைத்தேன். ஒரு கிலோ நானூறு காட்டியது. டேர் பட்டனை அமுக்கினேன், கட்டை எடுத்துவிட்டேன். இனி யார் ஏறினாலும் ஒரு கிலோ நானூறைக் கழித்துத்தான் காட்டும். வெறும் பலகைக்கு மைனஸ் ஒன்று நானூறு என்று சிவப்பாக நின்றது. அதன்மேல் என் துண்டைப் போட்டேன். ஒருத்திக்கு மட்டும் செய்தால் களவு, இருபத்தைந்து பேருக்கும் சேர்த்துச் செய்தால் தர்மம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜமாகவே அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஏழு மணிக்கு எடை ஆரம்பித்தது. விஜயகுமாரி மேடம் மேஜை போட்டு உட்கார்ந்து பெயரைக் கூப்பிட்டார். நான் மெஷின் பக்கத்தில் நின்று எண்ணைச் சொன்னேன். ஒருத்தி ஏறும்போது துண்டை எடுப்பேன், இறங்கும்போது போட்டுவிடுவேன். பெண்கள் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல், எச்சிலைத் துப்பித் துப்பி எடையைக் குறைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இறங்கியதும் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுச் சாப்பாட்டு ஹாலுக்கு ஓட்டமாக ஓடினார்கள். ஆறாவதாக ஏறிய சுபஸ்ரீ அறுபத்துநான்கு கிலோ எழுநூறு. அவளே நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

"போய்ச் சாப்பிடு கண்ணு" என்றேன்.

பதினேழாவது பூங்குழலி. அறுபத்துநான்கு ஐநூறு என்று சொன்னேன், மேடம் எழுதினார். அவள் இறங்கும்போது துண்டு என் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து அய்யாசாமி உள்ளே வந்தார்.

அய்யாசாமி பூங்குழலியின் அப்பா. பத்தொன்பது வருடமாக அந்தக் கம்பெனியில் துணி எடை போடுகிறவர். சாயப்பட்டறையிலிருந்து வரும் ரோலில் ஐம்பது கிராம் குறைந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். விடிகாலையில் மெஷினைக் கொண்டுவந்து ஹாலில் வைத்துவிட்டு லோடு இறக்கப் போயிருந்தவர், மகள் எடை போடுவதைப் பார்க்க ஆசைப்பட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்திருந்தார்.

"ஏனுங் சார், மைனஸ்ல நிக்குதுங்களே. டேர் எடுக்காமப் போட்டுட்டீங்க" என்றார்.

சொல்லும்போதே கை நீண்டு பட்டனை அமுக்கிவிட்டது. பெட்டியில் வரிசையாகப் பூஜ்யம் வந்து நின்றது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பத்தொன்பது வருடப் பழக்கம், மூளைக்கு முன்னால் விரல் போய்விட்டது. விரலை எடுப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கள யாருங்கப்பா கேட்டாங்க?" என்றாள் அவள்.

விஜயகுமாரி மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு மைனஸ் நின்னுச்சு?"

அய்யாசாமி கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கால் கிலோ என்று சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் சொல்லலாம் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது.

"ஒண்ணு நானூறுங்க மேடம்."

மேடம் கூட்டிப் பார்த்தார். அறுபத்தைந்து கிலோ தொள்ளாயிரம். "யாரு சார் இதுல டேர் போட்டது?"

"கம்பெனி மெஷின் மேடம். ராத்திரி ரோல் போட்டவங்க எடுக்க மறந்திருப்பாங்க" என்றேன்.

ராத்திரி ரோல் போட்டது அய்யாசாமிதான். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "எடுத்தாப்பலதானுங்க ஞாபகம். ஆனா வேற ஆரு கையும் படலீங்களே. என்ற தப்பாத்தானுங்க இருக்கும்."

ஒரு மனிதன் செய்யாத தப்பைத் தானாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல என் முதல் முட்டுக்கட்டைக்கும் வழி திறந்திருந்தது.

"அப்ப எல்லாரையும் திரும்ப ஏத்துங்க" என்றார் மேடம்.

"எப்படிங்க மேடம்? பதினாறு பேரும் இட்லி சாப்பிட்டுத் தண்ணி குடிச்சாச்சு. இனி ஏத்துனா யார் எடையும் எடையாகாது. பசியோட நிக்கறவங்களை மட்டுந்தான் சரியாப் போட முடியும்."

பசியோடு மிச்சம் நின்ற எட்டுப் பேரும் ரெய்டர்கள், அறுபதைத் தாண்டாத ஒல்லிப் பெண்கள். அடிபடப் போவது பூங்குழலி ஒருத்திதான். மேடத்துக்கு அது புரிந்தது. ஆனால் என் பேச்சில் ஓட்டை இல்லை. அவர் என்னை வெறுப்போடு பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டரை வரைக்கும் டைம் இருக்கு. ஓடு" என்று பூங்குழலியிடம் சொன்னார்.

ரெயின்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடினால் சீக்கிரம் வேர்த்து எடை இறங்கும், அந்த நேரத்தில் அதற்கு எங்கே போவது? அய்யாசாமி துணி ரோலுக்குப் போடும் பாலித்தீன் கவர் இரண்டைக் கொண்டுவந்து, கைக்கும் தலைக்கும் ஓட்டை கிழித்து மகளுக்கு மாட்டிவிட்டார். அவள் மைதானத்தைச் சுற்றி ஓடினாள். அவரும் பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடினார். சாப்பாட்டு ஹால் வாசலில் இட்லித் தட்டும் கையுமாகப் பெண்கள் நின்று பார்த்தார்கள். சுபஸ்ரீ ஒரு டம்ளர் காபியோடு என்னிடம் வந்தாள்.

"சார், நான் மறுபடி ஏறணுங்களா?"

"வேண்டாம் கண்ணு. நீ கையெழுத்துப் போட்டாச்சில்ல."

அவள் காபியைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு குடித்துவிட்டாள்.

நாற்பது நிமிடம் ஓடி வந்து ஏறினபோது அறுபத்தைந்து நானூற்றைம்பது. தோடும் கொலுசும் கழற்றினாள், ஐம்பது குறைந்தது. மேடம் ஒரு நீளத் துணியைப் பிரித்து, இன்னொரு பெண்ணை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி மறைப்புக் கட்டினார். மேல் துணிகளைக் களைந்துவிட்டு ஏறினாள். அறுபத்தைந்து இருநூறு. எட்டரைக்குப் பத்து நிமிடம் இருந்தது. வேர்ப்பதற்கு அந்த உடம்பில் இனி ஒன்றும் இல்லை. மறுபடி துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள்.

"மேடம், முடி என்ன எடை வருமுங்க?" என்று கேட்டார் அய்யாசாமி.

பூங்குழலி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். இடுப்பு வரைக்கும் இருக்கும். கட்டிங் டேபிளிலிருந்து துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துவந்தார் அப்பா. மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, கழுத்தோடு வைத்து மூன்று வெட்டு. அவருக்கு வாய் கோணிக்கொண்டு போனது. அவள் கண்ணை மூடவும் இல்லை. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கெல்லாம் வாயைத் திறக்கிற ஆள் நான் இல்லை.

இதற்குள் விஷயம் கேள்விப்பட்டு நாச்சிமுத்துவும் வந்துவிட்டார். மெஷின் பெட்டியை மறைப்புக்கு இந்தப் பக்கம் திருப்பி வைத்தோம்.

"அய்யாசாமி, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது பாருங்க" என்றேன்.

"ஆமா, அவனே சொல்லட்டும். அவன் சொல்ற எடைன்னா நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவேன்" என்றார் நாச்சிமுத்து.

துணிக்குப் பின்னால் பூங்குழலி ஏறினாள். அந்த மெஷின் ஐம்பது ஐம்பது கிராமாகத்தான் காட்டும். அறுபத்தைந்து, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அப்படிக் காட்டியதை நானும் பார்த்தேன். அடுத்த நொடி ஐம்பது. மறுபடி பூஜ்யம்.

"என்ன காட்டுது? சொல்லுங்க" என்றார் மேடம் துணியைப் பிடித்தபடியே.

"அறுபத்தஞ்சு காட்டுதுங்க. ஆனா நிக்கலீங்க, ஆடுது."

"காட்டுதுல்ல, அதைச் சொல்லுங்க போதும். எழுதிக்கறேன்." மேடத்தின் குரல் கெஞ்சியது. போலீஸ்காரர் கெஞ்சி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நிக்காத எடையைச் சொல்லப்படாதுங்க மேடம்" என்றார் அய்யாசாமி.

ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தார். அந்தப் பக்கம் அவள் மூச்சைக்கூட நிறுத்திவிட்டாள். துணிக்குக் கீழே குதிகால்கள் மட்டும் தெரிந்தன. எண் இரண்டு தடவை மாறியது. பிறகு நின்றது.

"அறுபத்தஞ்சு அம்பதுங்க" என்றார்.

துணிக்குக் கீழே தெரிந்த குதிகால்கள் பலகையை விட்டு இறங்கின.

"பாத்தீங்களா வாத்தியாரே" என்று நாச்சிமுத்து அய்யாசாமியின் முதுகில் தட்டினார். "பெத்த புள்ளைக்கே அம்பது கிராம் உடமாட்டான். இவன் இருக்கறதாலதான் நான் ராத்திரி தூங்கறேன்."

"அம்பது கிராம் சார். ஒரு வடை எடை. விட்டுடலாம்" என்று மேடம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பெத்த அப்பன் சொன்ன எடையை நாம எப்படி மேடம் மாத்தறது?" என்றேன். பதிவேட்டில் பூங்குழலி பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். வெகுநேரம் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்து மணி ஆட்டத்தில் ரைட் கார்னருக்கு ஒருத்திதான் இருந்தாள். அவளையே எடுத்தோம். வேறு யாரை எடுப்பது?

மத்தியானம் நான் என் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பூங்குழலி வந்தாள். வெட்டிய தலையில் ஒரு துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். அழுத முகம் இல்லை.

"காலைல நீங்க பனியன் கட்டை வெச்சு டேர் போட்டதை ஜன்னல்ல பாத்தனுங்க சார்" என்றாள். "எடை போடறவர் புள்ள நான். எனக்குத் தெரியாதுங்களா?"

நான் பையின் வாரை இழுத்துக் கட்டினேன்.

"எங்க எல்லாத்துக்கும் சேத்துத்தான் வெச்சீங்கன்னு நெனச்சனுங்க. நாக்கு ஒட்டிட்டு இருந்துச்சு. அதை நம்பித்தான் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சனுங்க."

ஒரு சொம்புத் தண்ணீர் என்றால் முக்கால் கிலோ. அதைக் குடிக்காமல் வந்திருந்தால் பத்து நிமிட ஓட்டத்தில் தேறியிருப்பாள். நான் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். அவள் அதைக் காலையிலிருந்து போட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"எங்கப்பா, அவரு தப்புன்னு நெனச்சுட்டு அந்த மெஷின்கிட்டயே உக்காந்திருக்காருங்க. அவருகிட்டயாவது சொல்லிருங்க சார். வேற ஒண்ணும் கேக்கலீங்க."

"தாராளமா நீயே சொல்லு" என்றேன். "கட்டை வெச்சதைப் பாத்தேன்னு சொல்லு. பாத்துட்டு ஏன் சும்மா இருந்தேன்னு உங்கப்பா கேப்பாரு. பாத்துட்டு எப்படி அம்மிணி தண்ணி குடிச்சேன்னு கேப்பாரு. அதுக்கும் பதில் வெச்சுக்க."

முகாமில் எத்தனையோ பெண்களின் முகம் விழுவதைப் பார்த்திருக்கிறேன். அவள் முகம் அப்படி விழவில்லை. கல்லாகிவிட்டது.

அப்போது அய்யாசாமி அவளைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரு கையில் மகளின் பெட்டி. என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், நான் பண்ணுன தப்புக்கு நீங்க ஒரு வார்த்த கோவிச்சுக்கலீங்க. இன்னொருக்கா டைம் குடுத்து ஓட வேற உட்டீங்க. வேற ஆருன்னாலும் அப்பவே போன்னு தொரத்தியிருப்பாங்க. நெம்ப நன்றிங்க." மகளின் தோளைத் தொட்டார். அவள் தோளை நகர்த்திக்கொள்ளவில்லை. "அம்மிணி, சாருக்கு ஒரு நன்றி சொல்லு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நன்றிங்க சார்" என்றாள்.

"இருக்கட்டும் கண்ணு" என்றேன்.